டிரையர் சுற்றுகிறது, துணி மட்டும் காயவில்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் பக்கம் டிரையர் என்று சொன்னால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் ஓரமாக இருக்கும் அந்தச் சின்னத் தொட்டியைத்தான் நினைப்பார்கள். அது துணியைப் பிழியும், காயவைக்காது. நான் சொல்வது தனி மெஷின். உள்ளே ஒரு டிரம், ஒரு ஹீட்டர், ஒரு காற்றாடி. சூடான காற்றைத் துணிக்குள் விட்டு ஈரத்தை வெளியே தள்ளும். மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது "ஹீட்டர் வைத்துத் துணி காயவைக்கிற மெஷின்" என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பின் தொட்டிக்கான பிரேக் வயரோடு வந்து நிற்பார். எனக்கு நடந்தது.

நான் மெக்கானிக் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு பழைய வீட்டில், எங்கள் பங்குக்கு வந்த இரண்டாம் கட்டில் இருக்கிறோம். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு தினமும் இரண்டு மூன்று பெட்ஷீட் துவைக்க வேண்டியதாயிற்று. வெயில் காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை, மொட்டை மாடியில் போட்டுவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால்தான் கஷ்டம். வளவு என்று நாங்கள் சொல்லும் உள் முற்றத்தைச் சுற்றிக் கொடி கட்டிப் போட்டாலும் மூன்று நாள் ஆகும், அப்புறமும் அந்த ஈர வாடை போகாது. அதற்காக வாங்கியதுதான் இந்த மெஷின். சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டும். நாலு நாள் காத்திருந்தால், வந்தவர் ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்புவார். இரண்டு தடவை அப்படிக் காசு போன பிறகுதான் நானே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. எதைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் மரச்சட்டம் அடித்து இழுத்த வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது சகஜம். அப்படியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், மெஷினுக்குள் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சூடு வருகிறது, ஆனால் ஒன்றரை மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவே இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ஹீட்டர் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள், ஆனால் சூடு வருகிறது என்றால் ஹீட்டர் முழுசாகப் போகவில்லை. ஐந்து கிலோ பருத்தித் துணி, பிழிந்த பிறகும் இரண்டரையிலிருந்து மூன்றரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அத்தனையும் ஆவியாகி நாலு அங்குல ஹோஸ் ஒன்றின் வழியாக வெளியே போயாக வேண்டும். போகிற வழி அடைத்திருந்தால் டிரம்முக்குள் நீராவிக் குளியல்தான் நடக்கும், துணி காயாது. அதனால் முதலில் காற்று போகும் வழியைப் பாருங்கள்.

துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் லின்ட் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்கிறோம் என்பீர்கள். சரி, அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வலையில் தண்ணீர் உடனே இறங்காமல் தேங்கி நின்றால், துணி மென்மையாக்கும் திரவத்தின் மெழுகுப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டைகளை அடைத்திருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், மெல்லத் தேய்த்து நன்றாக உலர்த்திப் போடுங்கள். ஃபில்டர் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் பஞ்சு இறங்கியிருக்கும், நீளமான பிரஷ்ஷால் அதையும் எடுத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

அடுத்து ஹோஸ். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இங்கேதான் தனித் தலைவலி. சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம். மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் சுண்ணாம்புப் பூச்சு. அதில் நாலு அங்குல ஓட்டை போட யாருக்கும் மனசு வராது, பங்காளிகளும் விட மாட்டார்கள். அதனால் ஹோஸை ஜன்னல் வரைக்கும் இழுத்து, கம்பிகளுக்கு நடுவே நசுக்கி வெளியே விடுகிறோம். நீளம் கூடக் கூட, வளைவு கூடக் கூடக் காற்று தடுமாறும். மெஷினை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் சரி, ஹோஸை மெஷின் இருக்கும் மூலைக்கு இழுத்துவருவது தப்பு. சுருள் பிளாஸ்டிக் ஹோஸ் மடிப்பு மடிப்பாகப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தகரக் குழாய் போட இடமிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அலுமினிய ஹோஸையாவது நன்றாக இழுத்து நேராக வையுங்கள்.

ஹோஸ் வாயில் கொசுவலை கட்டாதீர்கள். நான் கட்டினேன். கொசு வரவில்லை, ஆனால் பத்தே நாளில் வலை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளி மாதிரிப் பஞ்சு அடைத்து மூச்சே நின்றுவிட்டது. வலையை அவிழ்த்துப் போட்டேன், அடுத்த கோடையில் அணில் உள்ளே போய்க் கூடு கட்டிவிட்டது. காற்று வரும்போது திறந்து, காற்று நின்றால் தானே மூடிக்கொள்ளும் தட்டு மூடிதான் இதற்குத் தீர்வு, ஹார்ட்வேர் கடையில் எக்ஸாஸ்ட் மூடி என்று கேட்டுப் பாருங்கள்.

கோளாறு ஹோஸிலா மெஷினிலா என்று தெரியவில்லையா? ஹோஸைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, கொஞ்சம் துணி போட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சட்டென்று காய்ந்தால் ஹோஸ்தான் குற்றவாளி. இதையே வழக்கமாக்கிவிடாதீர்கள். அத்தனை ஈரமும் அறைக்குள் இறங்கும், தேக்கு உத்தரத்திலும் சுண்ணாம்புச் சுவரிலும் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று யோசிக்காமல் விடுவது. இந்த மெஷின் அறைக் காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளுகிறது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் இழுக்கக் காற்றுக்கு எங்கே போகும்? கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள்.

காற்று வழியெல்லாம் சுத்தமாக இருந்தும் காயவில்லையா, அப்படியானால் வோல்டேஜ். எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் 190 வோல்ட்டுக்கு வந்துவிடும். விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர் 190 வோல்ட்டில் தருவது சுமார் 1365 வாட்தான், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அப்போது காய்ந்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

மற்றபடி, டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கனமான துவாலையையும் மெல்லிய வேட்டியையும் சேர்த்துப் போடாதீர்கள். வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் விட்டு எடுங்கள், அது தின்கிற கரண்ட் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெட்ஷீட் மட்டும் உருண்டை பிடித்து நடுவில் ஈரமாகவே இருக்கும், பாதியில் நிறுத்தி உதறிவிட்டு மறுபடி போடத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிரம் சுற்றுகிறது, சூடே இல்லை

குளிர்ந்த காற்று மட்டும் விடும் புரோகிராமில் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்தது.

அதில்லை என்றால், முந்தின நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதா என்று யோசியுங்கள். ஹீட்டர் பழுக்கச் சூடாக இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் காற்றாடியும் நின்றுவிடும். சூட்டை எடுத்துப் போக ஆளில்லை, அந்தச் சூடு அங்கேயே தேங்கி, சூடு எல்லை மீறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட்டை விழ வைத்துவிடும். கரண்ட் வந்த பிறகு டிரம் ஒழுங்காகச் சுற்றும், சூடு மட்டும் வராது. மழைக்காலத்தில்தான் டிரையர் ஓடுகிறது, மழைக்காலத்தில்தான் கரண்டும் போகிறது, எனவே நம் ஊரில் இது அடிக்கடி வரும். சில மெஷின்களில் பின்பக்கம் ரீசெட் செய்யச் சிறு பொத்தான் உண்டு, ஆறின பிறகு அழுத்தினால் டிக் என்று உட்காரும். பல மெஷின்களில் அதற்குப் பதிலாக ஒரே தடவை வேலை செய்யும் தெர்மல் ஃபியூஸ் இருக்கும், போனால் போனதுதான், புதிது மாற்ற வேண்டும். விலை கொஞ்சம்தான், ஆனால் அது போனதற்குக் காரணம் கரண்டா, காற்று அடைப்பா என்று பார்க்காமல் மாற்றினால் மறுபடியும் போகும். ஃபியூஸை எடுத்துவிட்டு நேராக வயரைச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஹீட்டரையே சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி ஓம் அளவில் வையுங்கள். 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் சுமாராகக் காட்ட வேண்டும். ஆயிரம் ஆயிரமாக இரண்டு சுருள் இருந்தால் ஒவ்வொன்றும் 53. மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. இரண்டில் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் வெதுவெதுப்பு இருக்கும், காய இரண்டு மடங்கு நேரமாகும்.

கரண்ட் போன உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவைத் திறந்து சூடான துணியை வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஆன் ஆகவே இல்லை

சாக்கெட்டில் வேறு எதையாவது சொருகிப் பாருங்கள். கதவு சரியாகச் சாத்தினால் டிக் என்று சத்தம் வரும், வராவிட்டால் கதவு சுவிட்ச். சைல்ட் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லை என்றால் தெர்மல் ஃபியூஸ். சில மாடல்களில் அது போனால் மொத்த மெஷினும் நின்றுவிடும்.

எலக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷினில் பல்லி இருக்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் மெஷினுக்குள் மறைவிடம் தேடிப் போய், போர்டின் மேல் குறுக்கே விழுந்து தானும் செத்து அதையும் சாகடித்துவிடும். ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கம்.

எம்சிபி விழுகிறது, அல்லது பிளக் சுடுகிறது

2000 முதல் 2500 வாட் மெஷின் 9 முதல் 11 ஆம்பியர் இழுக்கும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல். மிக்ஸி போடுகிற சின்ன சாக்கெட்டுக்கு இது தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் நிச்சயம் கூடாது. எங்கள் வீட்டில் வயரிங் போட வந்த தம்பி போர்டைத் திறந்து பார்த்துவிட்டு "அண்ணே, எர்த் எங்கண்ணே?" என்று கேட்டான். மூன்று முள் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, புது எர்த் குழி, எல்லாம் போட்ட செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஈரத் துணியும் தகரப் பெட்டியும் சேரும் இடத்தில் எர்த் இல்லாமல் ஓட்டுவது சாவோடு விளையாடுவது.

எம்சிபி பத்து நிமிடம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு அல்லது லூஸ் இணைப்பு. போட்டவுடன் விழுந்தால் ஷார்ட். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் மட்டும் விழுந்தால் எங்கோ எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது, பெரும்பாலும் ஹீட்டர் சுருள் தொய்ந்து உறையைத் தொட்டிருக்கும். எலி கடித்த வயராகவும் இருக்கலாம். இது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் இறங்காதீர்கள்.

உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை

அணைத்துவிட்டுக் கையால் டிரம்மைச் சுழற்றுங்கள். வழக்கத்தைவிட லேசாக, தடையில்லாமல் சுற்றினால் பெல்ட் அறுந்துவிட்டது. கனமாக இருந்து, ஆன் செய்யும்போது உறுமல் மட்டும் வந்தால் மோட்டார் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். சீலிங் ஃபேனுக்கு மாற்றுவது போலத்தான், மேலே அச்சடித்திருக்கும் அதே மைக்ரோஃபேரட் அளவில் வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது சார்ஜ் வைத்திருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். நடுவில் சில விநாடி நின்று எதிர்ப்பக்கம் சுற்றுவது கோளாறு இல்லை, துணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் பல மெஷின்கள் அப்படிச் செய்யும்.

சத்தம்

டொக் டொக் என்று ஒரே தாளத்தில் வந்தால், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததில் டிரம்மைத் தாங்கும் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். ரொம்ப நாளைக்கு அப்புறம் போடும்போது முதல் பத்து நிமிடம் தட்டிவிட்டு நின்றுவிட்டால் விட்டுவிடலாம். கீச்சென்று கத்தினால் பெல்ட்டை இறுக்கும் சின்னக் கப்பி. கலகலவென்றால் சட்டைப் பையில் இருந்த நாணயமோ ஊக்கோ காற்றாடிக்குள் போயிருக்கிறது. உரசுகிற சத்தத்தோடு துணியில் கறுப்புக் கோடு விழுந்தால் டிரம்மைச் சுற்றியுள்ள ஃபெல்ட் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த இடுக்கில் ஊக்கு போய்ச் சிக்கும்.

கருகல் வாடை

உடனே நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். ஹீட்டர் மேல் படிந்த பஞ்சு கருகுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், பின் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வரை ஓட்டக் கூடாது. உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று போய்த் தீயை வளர்க்கும். மெயினை அணைத்து, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் 101-க்கு அழையுங்கள்.

மெஷின் ஆரோக்கியமாக இருந்தும் தீப்பிடிக்க ஒரு வழி இருக்கிறது, நம் ஊர்ச் சமையலறைக்காகவே எழுதின மாதிரி. எண்ணெய்த் துணி. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த துவாலை, தீபாவளிக்கு முன் அதிரசமும் தேன்குழலும் மணகோலமும் சுட்ட நாலு நாள் கைத்துணி, இதையெல்லாம் துவைத்தால் எண்ணெய் முழுசாகப் போவதில்லை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வெளியிடும். கொடியில் விரித்துக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். டிரையரில் சூடேற்றி அப்படியே குவித்து வைத்தால் நடுவில் சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், மெஷின் நின்று மணிக்கணக்கான பிறகுகூடப் பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி வேண்டாம், கரண்ட் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் இந்தக் குணம் ரொம்பக் குறைவு, ஆனாலும் எந்த எண்ணெய்த் துணியும் என் மெஷினுக்குள் போவதில்லை. அதுகளுக்கு எவ்வளவு மழை பெய்தாலும் கொடிதான்.

கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுகிறதே, கரண்டை ஏன் வீணாக்குவது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். துணியை ஆறவைப்பதற்குத்தான் அது. முழுசாக ஓட விடுங்கள். கரண்ட் போனால் எடுத்து விரித்துப் போடச் சொன்னதும் இதற்காகத்தான். ரப்பர் அடி வைத்த மிதியடி, ஃபோம் தலையணை, மழைக்கோட்டு, பெட்ரோலோ பெயிண்டோ பட்ட துணி எதுவும் கூடாது.

கால் மணி நேரத்திலேயே "முடிந்தது" என்கிறது

ஈரத்தைத் தானே பார்த்து நிறுத்தும் மெஷினில், டிரம்முக்குள் வாசல் பக்கமாக இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அதன் மேல் படும்போது மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மென்மையாக்கும் திரவத்தின் படலமோ போர்வெல் தண்ணீரின் உப்போ அதில் படிந்தால் ஈரமே தெரியாது. வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டே சட்டை போட்டாலும் இதே பிரச்சினை வரும், பட்டையில் துணி படுவதே அபூர்வம். அப்போது நேரத்தை நாமே வைக்கும் புரோகிராம்தான் நல்லது.

ஹோஸ் இல்லாத மெஷினில் தண்ணீர் கசிகிறது

கண்டென்சர், ஹீட் பம்ப் வகைகளில் ஈரம் தண்ணீராகித் தொட்டியில் சேரும். தொட்டியை ஒவ்வொரு தடவையும் கொட்டுங்கள். நிரம்பியிருந்தால் ஓடாது, கீழே உள்ள சின்ன பம்ப்பில் பஞ்சு சேர்ந்தால் தொட்டி காலியாக இருந்தும் நிரம்பிவிட்டதாகக் காட்டும், தரையிலும் கசியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் தகடுகளில் பஞ்சு அடைத்தால் மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே இழுங்கள், குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும். அறை வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் இந்த வகை திணறும், சித்திரையில் இதைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு "காய்ச்சி வடிச்ச தண்ணிதானப்பா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தேன்" என்றார்கள். பஞ்சும் சோப்பும் கலந்த தண்ணீர் அது. செடிக்கு ஊற்றுகிறேன்.

சுருங்கிவிட்டது, எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது

மெஷினின் தப்பு இல்லை. கண்டாங்கிச் சேலையை இதில் போடாதீர்கள், அதை நிழலில் காயப்போட்டுத்தான் நம் ஆட்கள் இத்தனை காலமாகக் கட்டுகிறார்கள். உள்ளாடை, ஸ்போர்ட்ஸ் துணியெல்லாம் குறைந்த சூட்டில்.

நான் புரட்டாசிக் கடைசியில், மழை இறங்குவதற்கு முன்பே, அரை நாள் ஒதுக்கிவிடுகிறேன். ஹோஸைக் கழற்றி உதறுவது, பின் மூடியைத் திறந்து வேக்வம் கிளீனரால் பஞ்சை இழுப்பது, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, வெறும் டிரம்மைப் பத்து நிமிடம் ஓட்டிப் பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது. போன வருடம் மூடி சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது போல. ஹோஸின் முதல் வளைவில் மறுபடி ஒரு கூடு. எங்கள் டிரையர் பஞ்சையே எடுத்து மெத்தை போட்டிருந்தது அணில். குட்டிகள் எப்போதோ போய்விட்டன, கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு மூடியின் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.